நிறமும் வண்ணமும்: அரூப ஓவியத்தில் பூச்சுப் பொருளின் பங்கு

முன்னுரை

நிறம், வண்ணம் என்னும் இரு சொற்களையும் நாம் பெரும்பாலும் வேறுபாடின்றி வழங்கி வருகிறோம். இவ்வழக்கு பழமையானது. தொல்காப்பியர் குரு, கெழு என்னும் உரிச்சொற்களுக்குப் பொருள் கூறுமிடத்து நிறம் என்கிறார். பண்புத்தொகையை விளக்குமிடத்து வண்ணம் என்கிறார். செய்யுளியலிலோ வண்ணம் என்பதை ஓசை வேறுபாட்டிற்குப் பெயராக்கி இருபது வகைப்படுத்துகிறார். எனினும் அண்மைக் கால ஓவிய வழக்கில் இவ்விரு சொற்களும் தாமாகவே பிரியத் தொடங்கியுள்ளன. எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் என்கிறோம்; எண்ணெய் நிறம் என்பதில்லை. வானத்தின் நிறம் என்கிறோம். அங்கே குழைத்துப் பூசும் பொருள் எதுவும் இல்லை. இக்கட்டுரை இப்பிரிவை ஏற்றுக்கொண்டு மேற்செல்கிறது. நிறம் என்பது கண்ணுக்குப் புலப்படுவது. வண்ணம் என்பது கிண்ணத்தில் குழைக்கப்பட்டுப் பரப்பின்மேல் ஏறி உலரும் பொருள். அப்பொருளிலுள்ள நிறத்தூளை நிறமி என்றும், அத்தூளைப் பரப்போடு ஒட்டவைக்கும் எண்ணெய், பசை, பிசின் முதலியவற்றைப் பிணைப்பி என்றும் குறிப்போம்.

இவ்வேறுபாடு ஏன் வேண்டும்? அரூப ஓவியம் குறித்துத் தமிழில் எழுதப்படுவனவற்றுள் மிகுதியானவை நிறத்தைப் பற்றியே பேசுகின்றன. அதிலும் நிறம் எழுப்பும் உணர்வு, அமைதி, தியானம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. நம்முள் பலர் இவ்வோவியங்களை நூல்களின் அச்சுப்படங்கள் வழியாகவே முதலில் அறிந்தோம் என்பது இதற்கொரு காரணமாகலாம். அச்சுப்படத்தில் நிறம் ஓரளவு வந்துசேரும், வண்ணம் வாராது. இன்று நிலை வேறு. புலம்பெயர்ந்த தமிழர் வாழும் இலண்டன், பாரிசு, நியூயார்க் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களிலேயே மூல ஓவியங்கள் உள்ளன. அவற்றின் முன் நிற்கும் தமிழர் தாம் காண்பதைத் தமிழில் சொல்ல முற்படும்போது, பொருளைப் பற்றிய சொற்களே முதலில் தேவைப்படுகின்றன. 1950ஆம் ஆண்டை அடுத்த காலத்து அரூப ஓவியர் சிலரிடத்தில் நிறத்தை வண்ணத்தினின்று பிரிக்க இயலாது என்பதையும், வண்ணம் அழியும்போது அங்கே ஓவியத்தின் நிலை என்னாகிறது என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈவ் கிளைன்: தூளின் ஒளி

மார்கழியில் வாசலிலிட்ட வண்ணக் கோலத்தின்மேல் நீர் தெறித்தால், தெறித்த இடம் மட்டும் கறுத்துத் தோன்றுவதை நாம் அறிவோம். நிறமி அதுவேதான், நிறம் வேறாகிவிட்டது. பிரெஞ்சு ஓவியர் ஈவ் கிளைனை (1928–1962) ஆட்கொண்ட சிக்கலும் இதுவே. அல்ட்ராமரீன் என்னும் நீல நிறமி தூளாக இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் ஒளியுடையது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்துவிட்டால் அவ்வொளி அடங்கி, நீலம் ஆழ்ந்து இருண்டுவிடுகிறது.

இதன் காரணம் ஒளியியல் சார்ந்தது. அல்ட்ராமரீனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, ஆளிவிதை எண்ணெயினுடையது ஏறத்தாழ 1.48, காற்றினுடையது 1. தூளைச் சுற்றிக் காற்று இருக்கும்போது இரண்டிற்கும் இடையே வேறுபாடு மிகுதி. ஆகவே ஒளி ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் சிதறிக் கண்ணுக்குத் திரும்புகிறது. எண்ணெய் சூழ்ந்ததும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒளி சிதறாமல் உள்ளே சென்று உறிஞ்சப்படுகிறது.

கிளைன் நாடியது தூளைத் தூளாகவே நிற்கச் செய்யும் பிணைப்பியை. பாரிசின் மோன்பர்னாஸ் பகுதியில் ஓவியப் பொருள் வணிகம் நடத்திய எதுவார் ஆதாம் என்பவரின் துணையோடு, ரோடோபாஸ் எம் என்ற வணிகப் பெயருடைய பாலிவினைல் அசிடேட் பிசினை அவர் தேர்ந்தார். சாராயமும் எதைல் அசிடேட்டும் கலந்து நீர்த்த இப்பிசின் உலரும்போது சுருங்கி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இடையே காற்றுக்கு இடம் விட்டுவிடுகிறது. பரப்பு பளபளப்பின்றி வெல்வெட்டுப் போல் தோன்றுகிறது. 1960 மே மாதத்தில் இக்கலவையைக் கிளைன் 'சோலோ உறை' என்னும் பிரெஞ்சு நடைமுறையின்கீழ்ப் பதிந்துவைத்தார். அவர் நீல நிறத்திற்கே காப்புரிமை பெற்றார் என்று பலரும் எழுதுகின்றனர்; அது பிழை. சோலோ உறை காப்புரிமை அன்று. இன்ன நாளில் இன்னது என் கைவசம் இருந்தது என்பதற்குச் சான்று மட்டுமே. நிறமியோ எவரும் கடையில் வாங்கக்கூடியது. வெள்ளை வேட்டிக்குப் போட நம் வீடுகளில் வைத்திருந்த பழைய நீலப்பொடியும் செயற்கை அல்ட்ராமரீனே. கிளைனின் பங்களிப்பு நீலத்தில் இல்லை. அந்நீலம் எதனோடு, எவ்வளவு கலந்து நிற்கிறது என்பதில் உள்ளது.

1957 சனவரியில் மிலானில் அவர் பதினொரு நீல ஓவியங்களை வைத்தார். எல்லாம் ஒரே அளவு, 78க்கு 56 சென்டிமீட்டர். எல்லாம் ஒரே நீலம். சுவரில் அறையாமல், சுவருக்கு முன்னே தள்ளி நிறுத்தியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விலை கேட்டதாகவும், வாங்கியோர் வேறுபாட்டை உணர்ந்ததாகவும் பின்னர் எழுதினார். விலைக் கதையை நம்புவதா என்பது வேறு. இவ்வோவியங்களின் இன்றைய நிலை அவர் கூற்றினும் அழுத்தமாகப் பொருளின் இயல்பை உணர்த்துகிறது. ஒரு விரல் பட்டால் அதன் தடம் நீங்குவதில்லை. துகள்கள் நெருங்கி அமர்ந்து, அவ்விடம் மட்டும் பளபளத்துவிடும். பழைய எண்ணெய் ஓவியங்களுக்குப் பூசுவது போல் மேற்பூச்சு பூசினால், காற்றிடைவெளிகள் நிரம்பி நீலம் இருண்டுபோகும். காக்கும் பொருட்டுச் செய்யும் செயலே அழிவாகும் நிலை இது.

ஹெலன் பிராங்கென்தாலரும் மோரிஸ் லூயிசும்: ஊறவிடும் முறை

கிளைன் வண்ணத்தைப் பரப்பின்மேல் நிறுத்தினார் எனில், அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே நியூயார்க்கில் ஓர் இளம்பெண் அதைப் பரப்பினுள் இறக்கினார். 1952 அக்டோபர் 26 அன்று, தம் 23ஆம் வயதில், ஹெலன் பிராங்கென்தாலர் தீட்டிய 'மலைகளும் கடலும்' என்னும் ஓவியம் ஏறத்தாழ இரண்டே கால் மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உடையது. அவ்வாண்டின் கோடையில் கனடாவின் நோவா ஸ்கோசியாவுக்குச் சென்று வந்த நினைவு அதன் பின்னணி.

எண்ணெய் வண்ணம் தீட்டுவோர் கித்தானுக்கு முதலில் பசை ஏற்றி, அதன்மேல் அடிப்பூச்சுத் தருவர். எண்ணெய் உலரும்போது உண்டாகும் வேதிமாற்றம் நூலிழையை மக்கச் செய்யும் என்பதால் இக்காப்பு. பிராங்கென்தாலர் இரண்டையும் விடுத்தார். பசையேறாத பருத்திக் கித்தானைத் தரையில் விரித்து, எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்வண்ணம் போல் நீர்த்து ஊற்றினார். தரையில் விரித்து ஊற்றும் வழி ஜாக்சன் பொலாக்கிடம் கண்டது. ஆயின் பொலாக்கின் வண்ணம் கித்தானின்மேல் நரம்பு நரம்பாய்க் கிடக்கும். பிராங்கென்தாலரின் வண்ணமோ துணியில் ஊறி இழையோடு ஒன்றியது.

இதனைச் 'சாயமேற்றல்' என்று பெயர்ப்போரும் உளர். நெசவுத்தொழில் அறிந்த நமக்கு அச்சொல் எளிதில் கைவருகிறது. ஆனால் முற்றும் பொருந்தாது. சாயம் நீரில் கரைந்து இழையோடு பற்றிக்கொள்ளும் பொருள். இங்கு இறங்குவது கரையாத நிறமித் துகள். இழைகளுக்கிடையே அது சிக்கி நிற்கிறது. எனவே ஊறவிடும் முறை என்பதே தக்கது.

துகள் நின்ற இடத்திலேயே எண்ணெய் நிற்பதில்லை. அது மேலும் பரவி, ஒவ்வொரு நிறப்பரப்பைச் சுற்றியும் மங்கிய வளையத்தை உண்டாக்கியது. பலகாரம் சுற்றிய தாளில் காணும் எண்ணெய்க் கசிவை ஒத்தது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வளையங்கள் பழுப்பேறின. இன்று அவ்வோவியத்தைக் காண்போர் அவ்வளையங்களையும் அதன் அழகின் கூறாகவே ஏற்கின்றனர். 1960களின் தொடக்கத்தில் பிராங்கென்தாலர் எண்ணெயை விடுத்து அக்ரிலிக் வண்ணத்திற்கு மாறினார். வளையம் மறைந்தது, விளிம்புகள் தெளிந்தன. அவ்வாறு மாறிய பின்னர் வந்த ஓவியங்கள் வேறு ஓவியர் தீட்டியவைபோல் தோன்றுமளவுக்கு இயல்பு மாறியுள்ளமை கருதத்தக்கது.

1953 ஏப்ரலில் திறனாய்வாளர் கிளெமென்ட் கிரீன்பெர்க், வாசிங்டனிலிருந்து வந்த மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் இருவரையும் பிராங்கென்தாலரின் ஓவியக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு கண்டது லூயிசின் வாழ்வை மாற்றியது. அவர் கைக்கொண்டது மாக்னா என்னும் புது வண்ணம். லெனார்டு போக்கூர், சாம் கோல்டன் இருவரும் 1940களின் இறுதியில் உருவாக்கிய அது, டர்பன்டைனில் கரையும் அக்ரிலிக் பிசினைப் பிணைப்பியாகக் கொண்டது. மிக நீர்த்தாலும் நிறச்செறிவு குன்றாதது. எண்ணெய்போல் வளையம் விடாதது. லூயிஸ் தம் வீட்டின் உணவறையில், ஏறத்தாழ 12க்கு 14 அடிப் பரப்பில், அவ்வறையைவிடப் பெரிய கித்தான்களை மடித்தும் சாய்த்தும் வண்ணத்தை வழியவிட்டார். மனைவி வேலைக்குச் சென்றிருந்த நேரத்தில் தீட்டி, அவர் திரும்புமுன் அறையை ஒழுங்குபடுத்திவிடுவார். 'திரைகள்' எனப்படும் வரிசையில் பல நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் வழிந்து, அடியிலுள்ளது மேலுள்ளதனூடே தெரிகிறது. தூரிகையின் தடம் எங்கும் இல்லை. புவியீர்ப்பும் துணியின் உறிஞ்சுதிறனும் பிசினின் இளக்கமுமே வரைந்தவைபோல் அவை நிற்கின்றன.

1962 செப்டம்பரில், 49ஆம் வயதில், லூயிஸ் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். காற்றோட்டம் குறைந்த சிற்றறையில் ஆண்டுக்கணக்கில் சுவாசித்த கரைப்பான் ஆவியே காரணம் எனப் பலர் கருதுவர். அவர் விட்டுச்சென்ற கித்தான்களிற் பெரும்பாலானவை சட்டமேற்றப்படாமல் சுருட்டப்பட்டுக் கிடந்தன. சிலவற்றில் எப்பக்கம் மேல், எப்பக்கம் கீழ் என்பதையே பிறர் பின்னர் முடிவுசெய்ய நேர்ந்தது. வண்ணம் வழிந்த திசையை வைத்து எளிதாக அறியலாமே எனத் தோன்றும். ஆனால் ஊற்றிய திசையும் காட்ட எண்ணிய திசையும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

சூலாஜ், விசுவநாதன்: பாரிசிலிருந்து இரு சான்றுகள்

வண்ணத்தின் தடிப்பையே நிறமாக்கியவர் பியேர் சூலாஜ் (1919–2022). 1979இல் அவர் தொடங்கிய 'கருமைக்கு அப்பால்' வரிசையில் கித்தான் முழுதும் கருமையே. ஆயின் அக்கருமை ஓரிடத்தில் உழுத நிலம்போல் வரியோடியும், ஓரிடத்தில் வழித்தெடுத்ததுபோல் மழுங்கியும் இருக்கும். ஒளி வரிகளில் பட்டுத் தெறிக்க, கருமை வெள்ளியாகவும் சாம்பலாகவும் நீலமாகவும் மாறுகிறது. காண்பவர் இரண்டு அடி நகர்ந்தால் ஓவியமும் மாறிவிடும். நிறமி ஒன்று, நிறம் பல. இவ்வோவியங்களை நிழற்படத்தில் கண்டு எழுதுவது, பாடலைக் கேளாமல் இசைக்குறிப்பை மட்டும் கண்டு மதிப்பிடுவதை ஒக்கும்.

அதே பாரிசில் 1960களின் இறுதி முதல் வாழ்பவர், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1966இல் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் நிறுவனருள் ஒருவராக விளங்கிய விசுவநாதன். கேரளத்திற் பிறந்த இவர் எண்ணெயை விடுத்துப் பாற்புரதமாகிய கேசீனைப் பிணைப்பியாகக் கொண்டு பல அரூப ஓவியங்களைத் தீட்டினார். கேசீன் பளபளப்பின்றி உலர்வது. அதில் நிறம் சுண்ணச் சுவரில் தோன்றுவதுபோல் அடங்கித் தோன்றும். சென்னைப் பள்ளி ஓவியர் குறித்த தமிழ்க் கட்டுரைகள் குறியீடு, மரபு, கோட்டின் வலிமை ஆகியவற்றை விரிவாக ஆய்ந்துள்ளன. அவர்கள் எதில் குழைத்தனர், எதன்மேல் பூசினர் என்பதை ஆய்ந்தவை மிகச் சில. இது நிரப்பப்பட வேண்டிய இடம்.

மார்க் ரோத்கோ: மறைந்த சிவப்பு

நிறம் வேறு, வண்ணம் வேறு என்று கொள்வோர்க்குக் கடினமான சோதனையாக அமைந்தவை மார்க் ரோத்கோவின் (1903–1970) ஓவியங்கள். இவர் வண்ணக் குழாய்களைப் பிதுக்கி அப்படியே பூசியவர் அல்லர். தூள் நிறமிகளை வச்சிரப் பசையிலும், முட்டையிலும், எண்ணெயிலும், டம்மர் என்னும் குங்கிலிய வகைப் பிசினிலும் தாமே கலந்து, மெல்லிய ஏடுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார். ஓரிடம் மங்கலாகவும் அடுத்த இடம் மினுங்கியும் தோன்றுவது இக்கலவை வேறுபாட்டால். மேற்பூச்சு எதுவும் இல்லை.

இலண்டன் டேட் அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய 1958ஆம் ஆண்டு ஓவியமொன்றின்மேல் 2012 அக்டோபர் 7 அன்று ஒருவர் மையால் எழுதிவிட்டார். மை கீழ் ஏடுகள் வரை ஊறி இறங்கியது. மையைக் கரைப்பது எளிது. மையைக் கரைத்து முட்டையையும் பிசினையும் கரையாதிருக்கச் செய்வதே அரிது. ரோத்கோ குடும்பத்தார் வழங்கிய, அதே வகை அடிப்பூச்சுடைய கித்தான் துண்டில் மாதிரி ஏடுகளை அமைத்து, அதன்மேல் அதே மையைப் பூசி, கரைப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பதினெட்டு மாதங்களுக்குப்பின், 2014 மேயில், ஓவியம் மீண்டும் காட்சிக்கு வந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் நிகழ்ந்தது இதனினும் சிந்தனைக்குரியது. நியூயார்க்கிலுள்ள உயர்தர உணவகம் ஒன்றுக்காகத் தீட்டிய சுவரோவியங்களைத் தர மறுத்து விலகிய ரோத்கோ, 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உயர்மாடி உணவறைக்கு ஓவியம் தர ஒப்பினார். ஆறு தீட்டினார், ஐந்து 1964இல் நிறுவப்பட்டன. அவை கருஞ்சிவப்புப் பின்புலம் உடையவை. அச்சிவப்புக்கு அவர் பயன்படுத்தியவற்றுள் ஒன்று லித்தால் சிவப்பு, அச்சு மையில் மிகுதியாக வழங்கும் செயற்கை நிறமி, ஒளிக்குத் தாங்காதது. உணவறையிலோ தளம் முதல் கூரை வரை சாளரங்கள். திரைகளை மூடிவைக்க வேண்டும் என்று ரோத்கோ கேட்டுக்கொண்டார். உண்போர் வெளியே ஆற்றையும் நகரையும் காண விரும்பித் திரைகளைத் திறந்தனர்.

சிவப்பு போயிற்று. உடன் கலந்திருந்த அல்ட்ராமரீன் ஒளிக்கு அஞ்சாதது, அது நின்றது. கருஞ்சிவப்பாயிருந்த பரப்பு சில இடங்களில் வெளிர்நீலமாயிற்று. வெயில் பட்ட அளவுக்கேற்ப ஒவ்வோர் ஓவியமும் வெவ்வேறாக வெளுத்தது. ஒரே தொகுதியாகக் கருதப்பட்ட ஐந்தும் ஒன்றுக்கொன்று அயலாயின. 1979இல் அவற்றைக் கழற்றி வைப்பறையில் இட்டனர்.

மீண்டும் சிவப்பைப் பூசலாகாதா என்னும் வினா எழும். மேற்பூச்சில்லாத, நுண்துளையுள்ள அப்பரப்பில் புதிதாக ஏற்றும் வண்ணம் உள்ளே ஊறிவிடும். பின்னர் அதை எடுக்க இயலாது. அது பழுதுபார்த்தலாகாது, ரோத்கோவின்மேல் வேறொருவர் ஓவியம் தீட்டுவதாகும். ஆகவே பாதுகாப்பு வல்லுநரும் கணினி அறிஞரும் சேர்ந்து வண்ணத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மீட்கும் வழியை நாடினர். 1964இல் எடுத்த எக்டாக்ரோம் வண்ணப்படங்கள் இருந்தன. அவையும் நிறமிழந்திருந்தன! சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அவற்றின் நிறத்தைக் கணக்கிட்டு மீட்டனர். நிறுவப்படாமல் ஓவியரின் குடும்பத்திடம் தங்கிவிட்ட ஆறாம் ஓவியம் வெயில் காணாதிருந்தமையால் ஒப்புநோக்க உதவியது. அன்றிருந்த நிறத்திற்கும் இன்றுள்ள நிறத்திற்கும் இடையிலுள்ள குறையைப் புள்ளி புள்ளியாகக் கணித்து, அக்குறையை மட்டும் ஒளியாக்கி, ஒளிவீச்சுக் கருவியால் ஓவியத்தின்மேல் பாய்ச்சினர். 2014 நவம்பரில் திறந்த காட்சியில் மக்கள் மீண்டும் கருஞ்சிவப்பைக் கண்டனர்.

அவர்கள் கண்டது ரோத்கோவின் ஓவியத்தையா? இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரையாளர் கருத்து வருமாறு: அங்கு மீண்டது நிறம், வண்ணம் அன்று. ரோத்கோவின் சிவப்பு ஏடுகளின் உள்ளிருந்து, நிறமித் துகளில் பட்டுத் திரும்பி வந்த ஒளி. கருவி தந்த சிவப்பு வெளியிலிருந்து வந்து மேற்பரப்பில் படிந்தது. காண்பவர் கையை நீட்டினால் கையும் சிவக்கும். ஏட்டின் மங்கலும் மினுக்கமும் ஒளியால் ஈடுசெய்யப்படக்கூடியவை அல்ல. ஆயினும் இம்முயற்சியைக் குறை கூறுவதற்கில்லை. பூசி மறைப்பதைவிட இது நேர்மையான வழி. விசையை அணைத்தால் ஓவியம் தன் உண்மை நிலைக்கு உடனே திரும்பிவிடும்.

அவ்வாறு அணைப்பதையே காட்சியின் பகுதியாகவும் வைத்திருந்தனர். நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு ஒளிவீச்சுக் கருவிகள் நிறுத்தப்பட்டன. நீலம் பாரித்த, வெளுத்த, ஆனால் ரோத்கோவின் கை பூசிய அதே வண்ணம் அரங்கின் எளிய வெளிச்சத்தில் நின்றது. அந்நேரத்திற்கென்றே காத்திருந்து பார்த்தோரும் இருந்தனர். 2015 சூலையில் காட்சி முடிந்தபின் ஐந்து ஓவியங்களும் வெயில் புகாத வைப்பறைக்குத் திரும்பின.